சண்டைக்கு அப்புறம்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் வேதியியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் முதல் ‘குடும்ப வாழ்க்கைக் கல்வி’ என்று வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி, அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாடத்திட்டத்தையும் நானே போட வேண்டுமாம். தலைப்புகள் எழுதி இணைத்திருக்கிறேன். வளரிளம் பருவ மாற்றங்கள், கோபத்தை அடக்குதல், குடும்ப வரவு செலவு, குழந்தை வளர்ப்பு, பெரியோரை மதித்தல், திருமணத்தின் புனிதம் என்று போகிறது. பாலியல் பற்றி எதுவரை பேசலாம், ஆண் பெண் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கலாமா, தேர்வு வைத்தால் மதிப்பெண் எப்படிப் போடுவது என்றெல்லாம் குழப்பம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் விவாகரத்தானவள். குடும்பம் நடத்தத் தெரியாதவர் குடும்பக் கல்வி எடுக்கப்போகிறார் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்தார். எனக்கு இதற்குத் தகுதி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். கோபம் சிரித்தவர் மீது இல்லை. அப்படி ஒருவர் எல்லா ஆசிரியர் அறையிலும் இருப்பார். உங்கள் மீதுதான். யாரோ போகிற போக்கில் சொன்னதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்து, தகுதி என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். விவாகரத்து ஆகாமல் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் வாழ்கிறவர்கள் எத்தனை பேர் பாடம் எடுக்கிறார்கள் தெரியுமா? அவர்களிடம் யாரும் தகுதி கேட்பதில்லை. ஒரு வீடு எந்த இடத்தில் உடைகிறது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சரி, இதை இத்தோடு விடுங்கள். இனி இதைப் பற்றி எழுதினால் பதில் வராது.

பாலியல் பற்றிய கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. வயதுக்கு ஏற்ப, உண்மையை, உறுப்புகளின் சரியான பெயரோடு பேசுங்கள். ஸ்வீடன் 1955லேயே இதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிவிட்டது. யுனெஸ்கோ 2009ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு 2018ல் அதைத் திருத்தியது. பல நாடுகளின் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அது சொல்வது, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உடலுறவில் இறங்குவதில்லை என்பதுதான். பேசினால் கெட்டுப்போவார்கள் என்று பயப்படுகிறவர்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் போனை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். நீங்கள் வேதியியல் ஆசிரியை, அதே முகத்தோடு இதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

எனக்குப் பேச இருப்பது நீங்கள் இணைத்த பட்டியலைப் பற்றி. இரண்டு முறை படித்தேன். அதில் எல்லாமே வேலைகளாக இருக்கின்றன, அல்லது நல்ல குணங்களாக. வரவு செலவு எழுதுவது ஒரு வேலை. குழந்தையைக் குளிப்பாட்டுவது ஒரு வேலை. பெரியோரை மதிப்பது ஒரு குணம். இதெல்லாம் ஒருவன் தனியாகவே கற்றுக்கொள்ளக் கூடியவை. கூட வாழ்கிற இன்னொரு ஆளை உங்கள் பட்டியலில் எங்கேயும் காணவில்லை. அவருக்கும் ஒரு மனநிலை உண்டு, அவரும் களைப்பாக வருவார், நீங்கள் சொன்னதைத் தப்பாகவே புரிந்துகொள்வார். குடும்பம் என்பது முக்கால்வாசி அந்த ஆள்தானே?

இது உங்கள் தவறு மட்டும் இல்லை. இந்தக் கல்வியின் சரித்திரமே அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் துறையில் 1919ல் ஒரு ஏற்பாடு தொடங்கியது. மாணவிகள் குடும்பம் நடத்திப் பழக ஒரு குடியிருப்பு, அதில் வளர்த்துப் பழக ஒரு குழந்தை. பொம்மை இல்லை, நிஜக் குழந்தை. அநாதை விடுதிகளிலிருந்தும் குழந்தைகள் நல அமைப்புகளிடமிருந்தும் கைக்குழந்தைகளை வாங்கிவந்து, மாணவிகள் முறைவைத்து அம்மாவாக இருந்தார்கள். அட்டவணைப்படி பால், அட்டவணைப்படி தூக்கம். அந்தக் குழந்தைகளுக்கு டோமெகான் என்று ஒரு பொதுவான குடும்பப் பெயர். மனைப் பொருளாதாரம் என்ற பாடத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்தது! 1969 வரை இது நடந்தது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்யும், ஆனால் அது வேறு பேச்சு. அத்தனை கவனமாகத் திட்டமிட்ட அந்த வீட்டில் தொட்டில் இருந்தது, எடை பார்க்கும் கருவி இருந்தது, குறிப்பேடு இருந்தது. கணவன் இல்லை. “நேத்து ராத்திரியும் நான்தானே எழுந்தேன்” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்புறம் பொம்மை வந்தது. அழும், பால் கேட்கும், தலையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் பதிவு செய்துகொள்ளும் மின்னணுப் பொம்மை. பதின்வயதுப் பெண்களிடம் வார இறுதியில் அதைக் கொடுத்தனுப்பினால், குழந்தை வளர்ப்பு எவ்வளவு கஷ்டம் என்று புரிந்து சீக்கிரம் கர்ப்பமாக மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 57 பள்ளிகளில் இதைச் சோதித்து, அந்தப் பெண்களை 20 வயது வரை தொடர்ந்து பார்த்து, 2016ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொம்மை வளர்த்த பெண்களில் 8 சதவீதம் பேர் அதற்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். பொம்மை கிடைக்காத பெண்களில் 4 சதவீதம். கருக்கலைப்பும் 6 சதவீதத்துக்கு 9 சதவீதம் என்று பொம்மை வளர்த்தவர்களிடம்தான் அதிகம். ஏன் அப்படி ஆனது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். நான் சொல்வது இதுதான்: கஷ்டம் என்று எதைக் காட்டினார்களோ அது தூக்கம் கெடுவது. தூக்கம் கெடுவதை எந்தப் பதினைந்து வயதும் சமாளித்துவிடும். அந்தப் பெண்ணுக்கு யார் கூட இருப்பார், இருக்க மாட்டார் என்பதைப் பொம்மையால் காட்ட முடியாது.

சரி, அந்த இன்னொரு ஆளைப் பற்றி என்ன கற்றுத்தருவது? அன்பு, புரிதல், விட்டுக்கொடுத்தல் என்று மேடைப்பேச்சு ஆரம்பித்துவிடாதீர்கள். ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். சண்டை போட்ட பிறகு எப்படித் திரும்பி வருவது என்று.

என் வீட்டில் அப்பாவும் அம்மாவும் எங்கள் முன்னால் சண்டை போட்டதே கிடையாது. உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். சண்டை இருந்தது, பின்னே இல்லாமலா? கதவுக்குப் பின்னால் இருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சில நாட்கள் வீட்டில் ஒரு கனமான அமைதி இருக்கும், பிறகு ஒருநாள் அது இருக்காது. நடுவில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் முதலில் இறங்கி வந்தார்கள், எதுவும் தெரியாது. அத்தை வீடு நேர்மாறு. அங்கே சண்டை கூடத்தில்தான் நடக்கும். மாமா அத்தையைக் கேட்காமல் நண்பருக்குக் கடன் கொடுத்துவிட்டார் என்று ஒருமுறை பெரிய ரகளை. லீவுக்குப் போயிருந்த நானும் அத்தை பிள்ளைகளும் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவர்களோ சாதாரணமாக இருந்தார்கள். மாலையில் மாமா வந்து, அதே கூடத்தில், எங்கள் எல்லோர் முன்னாலும், “உன்னைக் கேட்காம குடுத்தது தப்பு, கேட்டா நீ மாட்டேன்னுடுவேன்னு பயந்துதான் கேட்கலை” என்றார். அத்தை உடனே உருகிவிடவில்லை. “பணம் போனதுகூடப் பரவாயில்லை, என்னை மூணாம் மனுஷியாக்கிட்டீங்களே” என்றார். பிறகு அது பேச்சாக மாறி, கடனை எப்படித் திரும்ப வாங்குவது என்று போய், நாங்கள் எழுந்து விளையாடப் போய்விட்டோம். குடும்பத்தில் அந்த வீட்டுக்கு ‘சண்டைக்கார வீடு’ என்று பெயர்.

எனக்குத் திருமணமாகி முதல் சண்டை வந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நிஜமாகவே. சண்டைக்கு அப்புறமும் ஒரு வாழ்க்கை இருக்கும் என்பதை நான் பார்த்ததே இல்லையே. அத்தை பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. பிள்ளைகள் முன்னால் சண்டை போடாதீர்கள் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறோம். ஆனால் எந்த வீட்டிலும் சண்டையின் ஆரம்பம் எப்படியோ பிள்ளைகள் காதில் விழுந்துவிடுகிறது, சமாதானம்தான் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கதைப்புத்தகத்தைக் கையில் கொடுப்பது போலத்தான் இது.

இது என் அத்தை பெருமை மட்டும் இல்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல வருடம் இதையேதான் ஆராய்ந்தார். பெரியவர்கள் சண்டை போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, சில சண்டைகளைச் சமாதானத்தில் முடித்து, சிலவற்றை அப்படியே விட்டுப் பார்த்தார். சண்டை தீர்ந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம் கலக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. கதவுக்குப் பின்னால் தீர்ந்ததுகூட, தீர்ந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் பலன் தந்தது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற இன்னொரு உளவியலாளர் இன்னும் கீழே போனார், கைக்குழந்தை வரை. 1970களில் அவர் செய்த சோதனை பிரபலம்: குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா சட்டென்று முகத்தைச் சிலை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் துவண்டுபோகும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். நல்ல அம்மா, நல்ல குழந்தை என்று நாம் சொல்லும் ஜோடிகளிலேயே இருவரும் ஒத்துப்போகும் நேரம் சுமார் 30 சதவீதம்தானாம். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும் திரும்பப் பிடிப்பதும்தான். குழந்தை தெம்பு பெறுவதே அப்படித் திரும்பப் பிடிப்பதில்தான் என்கிறார். பேசத் தெரியாத வயதிலேயே தொடங்கிவிடுகிற ஒன்றை நீங்கள் பதினாறு வயதில் ‘கோபத்தை அடக்குதல்’ என்று எழுதி மூடிவைக்கப் பார்க்கிறீர்கள். கோபத்தை அடக்குகிற மனிதர்களோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள் டீச்சர், சொல்வார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நான் சொல்கிற சண்டை இரண்டு பேரும் பயமில்லாமல் போடுவது. கை ஓங்குவது, பணத்தைப் பிடுங்கி வைப்பது, யாரோடும் பேசவிடாமல் தடுப்பது, இதெல்லாம் சண்டைக் கணக்கில் வராது. அடித்துவிட்டு மறுநாள் காலில் விழுவதும் சமாதானம் இல்லை. பல வீடுகளில் அந்த அழுகையும் அடுத்த அடிக்கு முன்னால் வருகிற ஒரு கட்டம்தான். இதைப் பிள்ளைகளிடம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், தெளிவாகச் சொல்லாவிட்டால் நான் சொன்னது எல்லாமே ஆபத்து. திரும்பி வரக் கற்றுக்கொடுக்கிற அதே வகுப்பில், எங்கிருந்து திரும்பிப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்ல அந்த ஆசிரியர் அறையில் உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

வகுப்பில் எப்படிச் செய்வது? ஒரு சண்டையைப் பாதியில் நிறுத்திக் கொடுங்கள். அண்ணன் தம்பி, அம்மா மகள், கணவன் மனைவி, யாராகவும் இருக்கட்டும். கதவு சாத்தியாகிவிட்டது, ஒரு மணி நேரம் போய்விட்டது, இப்போது யார் முதலில் பேசுவது, முதல் வாக்கியம் என்ன? எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் எல்லோரும் ‘ஸாரி’ என்று ஒரே வார்த்தையோடு பேப்பரைக் கொடுப்பார்கள். எதற்கு ஸாரி என்று திருப்பி அனுப்புங்கள். அடுத்து, ஸாரி கேட்டுவிட்டு எதிராளியின் தப்பைப் பட்டியல் போடுவார்கள், அதையும் திருப்பி அனுப்புங்கள். பிறகு எதிராளியாக உட்காரவைத்து, இந்த வாக்கியத்தைக் கேட்டால் கதவைத் திறப்பாயா என்று கேளுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது. தெரியாமல் ஒரு பிள்ளையைத் தப்பாகத் திட்டிவிட்டால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள், வகுப்பின் முன்னால் திட்டினீர்கள் இல்லையா, வகுப்பின் முன்னாலேயே திரும்பப் பெறுங்கள்.

‘திருமணத்தின் புனிதம்’ என்ற தலைப்பை அடித்துவிடுங்கள், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். வரவு செலவு இருக்கட்டும், ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கணக்கை எழுதட்டும், அப்போதுதான் ருசிக்கும். ஆண் பெண் சேர்ந்தா என்று கேட்டிருந்தீர்கள், நான் பாட்டுக்குப் போய்விட்டேன். சேர்த்துத்தான் உட்கார வையுங்கள். உடல் பற்றி யாராவது தனியாகக் கேட்க விரும்பினால் கேள்வியைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். மதிப்பெண்ணைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் சண்டை போடுங்கள், இந்தப் பாடத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போங்கள், முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொண்டு.