ஸ்கூபா மூச்சுக் குழாய்களையும் டைவிங் கருவிகளையும் எப்படிக் கழுவி உலர்த்துவது?

கேள்வி கேட்டவர், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசித்தான் வைப்பதாகவும், ஒரு மாதம் கழித்து எடுத்தால் குழாயில் மக்கல் வாடை அடிப்பதாகவும் எழுதியிருக்கிறார். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தகுந்த அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர், வெளிவிட்ட மூச்சில் கரியமிலவாயுவை நீக்கித் திரும்பச் சுவாசிக்கத் தரும் ரீப்ரீதர் இரண்டும் அவரிடம் இருக்கின்றன.

வாடை வருகிறது என்றால் குறை பெரும்பாலும் கழுவியதில் இல்லை, உலர்த்தியதில்தான் இருக்கிறது. உப்பைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். உள்ளே தங்கும் ஈரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தமானிலும் புதுச்சேரியிலும் டைவ் செய்கிறேன். என் கருவிகள் கெட்டதெல்லாம் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போனதாலோ, போன தண்ணீர் வெளியே வராததாலோதான்.

முதலில் சாதாரண ரெகுலேட்டர். சிலிண்டரில் பொருத்தும் முதல் நிலை, வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை, இரண்டுக்கும் இடையே ஒரு குழாய். இரண்டாம் நிலையின் முகப்பில் உள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தினால் உள்ளே வால்வு திறக்கும். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்போது அழுத்தினால் காற்று வெளியே பீறிடும், ஆபத்தில்லை. ஆனால் சிலிண்டரிலிருந்து கழற்றிய பிறகு, வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது அதே பொத்தானை அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியாக முதல் நிலைவரை போய்விடும். என் முதல் ரெகுலேட்டரை நான் இப்படித்தான் பாழாக்கினேன். நன்றாகக் கழுவுகிறோம் என்ற நினைப்பில் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தி அழுத்தி அலசினேன். எட்டு மாதம் கழித்துப் பழுதுபார்ப்பவர் முதல் நிலையைத் திறந்து காட்டினார். புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கில் பிடிப்பதுபோல் பச்சைக் களிம்பு. வெளியே பளபளக்கும் முலாம், உள்ளே பித்தளை. 20 மீட்டர் ஆழத்தில் எனக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த பொருள் அது என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

அதனால் என் முறை இதுதான். முடிந்தால் ரெகுலேட்டரைச் சிலிண்டரிலேயே விட்டு, காற்றையும் திறந்து வைத்துக்கொண்டு அலசுவேன். அப்போது பொத்தானைத் தாராளமாக அழுத்தலாம். கழற்றிய பிறகுதான் அலச முடியும் என்றால், முதல் நிலையின் தூசி மூடியைத் துணியால் ஒற்றி உலர்த்தி, இறுக்கி மூடிவிட்டு, பொத்தானைத் தொடாமல் அலச வேண்டும். அந்த மூடியின் குழிவில் ஒரு சொட்டுத் தண்ணீர் எப்போதும் ஒளிந்திருக்கும். சிலர் அதைச் சிலிண்டர் காற்றால் ஊதுகிறார்கள். காதைப் பிளக்கும் சத்தம் ஒருபுறம், அந்த வேகத்தில் ஈரம் முதல் நிலையின் வாய்க்குள்ளேயே தெறிக்கக்கூடும். ஒரு பருத்தித் துண்டு போதும்.

ஓடும் தண்ணீரில் காட்டி எடுப்பதைவிட வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது நல்லது. காய்ந்து படிகமாகிவிட்ட உப்பு சட்டென்று கரையாது. கரையேறியவுடன் கழுவ வசதி இல்லையென்றால், காயவிடாமல் ஈரமாகவே ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். டைவிங் மையங்களில் எல்லோரும் முக்கியெடுக்கும் பொதுத் தொட்டியை நான் நம்புவதில்லை. மாலைக்குள் அது பாதிக் கடலாகிவிடும். பலர் வாயில் வைத்த பொருள்கள் முங்கிய தண்ணீர் வேறு.

இனி ரீப்ரீதரில் மூச்சு போய்வரும் நெளிவுக் குழாய்கள். வாடைக்குக் காரணம் அநேகமாக இவைதான். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அக்வாலங் என்ற டைவிங் மூச்சுக் கருவியிலும் இப்படி இரட்டைக் குழாய்கள் இருந்தன. வளைத்தாலும் மடங்கி அடைபடாமல் இருக்கவே அந்த நெளிவு. ஆனால் ஒவ்வொரு நெளிவும் ஒரு சிறு வாய்க்கால். நாம் வெளிவிடும் மூச்சு உடற்சூட்டில், முழு ஈரத்தோடு வருகிறது. கரியமிலவாயுவை உறிஞ்சும் வேதிப்பொருளும் வேலை செய்யும்போது வெப்பத்தையும் நீரையும் வெளியிடுகிறது. போதாததற்கு எச்சில். இருட்டு, சூடு, ஈரம், எச்சில் எல்லாம் ஒன்றாக இருக்கும் இடத்தில் பூஞ்சை வளராமல் என்ன செய்யும்? 2016இல் தோராக்ஸ் மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தில் பேக்பைப் என்ற காற்றுப்பை ஊதுகருவியை வாசித்த 61 வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அவருடைய கருவியின் ஈரமான உட்புறத்தில் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. அது இசைக்கருவிதான், ஆனால் நம் குழாய்க்கும் அதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையின் பால் புட்டியை எப்படிக் கவனிப்போமோ அப்படித்தான் இந்தக் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

டைவ் முடிந்த அன்றே குழாய்களை இரு முனைகளிலும் கழற்றிவிடுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். பிறகு, கருவியைத் தயாரித்தவர் சொல்லும் கிருமிநாசினியை, அவர் சொல்லும் அளவில், சொல்லும் நேரம்வரை ஊறவிட்டு, மீண்டும் நன்றாக அலசுங்கள். மருந்து தங்கினால் அதையும்தான் சுவாசிப்போம். அதன்பின் குழாயை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து உதறுங்கள். நெளிவுகள் விரியும்போதுதான் உள்ளே பதுங்கிய நீர் விழும்.

தொங்கவிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு முனைகளையும் மேலே கட்டி, நடுப்பகுதியைக் கீழே தொங்கவிட்டால் அத்தனை நீரும் அடிவளைவில் போய்த் தேங்கும். கொடியில் வேட்டி போடுவதுபோல் நடுப்பகுதி மேலே, இரு வாய்களும் கீழே இருக்க வேண்டும். மெல்லிய கயிறு வேண்டாம், தழும்பு விழும். மூங்கில் கழியோ பருத்த பிளாஸ்டிக் குழாயோ போதும். நிழலில், மின்விசிறிக் காற்றில் விட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கோடையில் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரியில் எனக்கு மூன்று நாள்கூட ஆகியிருக்கிறது. வெயிலில் போட்டால் ரப்பரில் வெடிப்பு விழும்.

ரப்பர் மினுமினுக்கத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் ஒன்றிரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பது மட்டுமல்ல, உயர் அழுத்த ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

வால்வுகளைத் திரும்பப் பொருத்தும்போது மிகுந்த கவனம் தேவை. காளான் குடை போன்ற அந்த மெல்லிய சிலிக்கோன் தகடுகள் மூச்சை ஒரே திசையில் மட்டும் விடுபவை. தலைகீழாகப் பொருத்தினாலோ, ஓரம் மடிந்தாலோ வெளிவிட்ட கரியமிலவாயு உங்களிடமே திரும்பி வரும். ஒரு குழாயைக் கையால் அடைத்து உறிஞ்சியும், மற்றதை அடைத்து ஊதியும் பார்க்காமல் நான் தண்ணீரில் இறங்குவதே இல்லை.

சாதாரண ரெகுலேட்டரின் பின்னல் உறை போட்ட குழாய்களிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலவற்றின் பாலியூரிதேன் உட்பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, மஞ்சள் படிகமாக உள்ளேயே படிந்து காற்றை அடைத்த சம்பவங்களை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலில் நிற்கும் காரில் ரெகுலேட்டரை விட்டுவைக்காதீர்கள். மூச்சு இழுக்கக் கடினமானால் குழாயையும் சந்தேகியுங்கள்.

பிசிடியை, அதாவது காற்று ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கியை, மறந்துவிட வேண்டாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அரை லிட்டர் உள்ளே தங்கினால் மூன்று தேக்கரண்டி உப்பைச் சேமித்துவைப்பது போல. நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியாகவே வடித்து, பாதி ஊதிய நிலையில் தொங்கவிடுங்கள். காற்று ஏற்றும் பொத்தான் உப்பில் சிக்கிக்கொண்டால் விருப்பமில்லாமலே மேலே இழுத்துப்போகும். வெட்சூட் என்ற டைவிங் உடைக்கு அகலமான ஹேங்கரும் நிழலும் போதும்.

இப்போது வாடை அடிக்கும் உங்கள் குழாயை ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். கிருமிநாசினியில் ஊறவைத்து அலசியும் நெளிவுகளில் கரும்புள்ளிகள் போகவில்லை என்றால், புதிய குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைக் குப்பையில் போடுமுன் இரண்டாக வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்து வாயில் வைத்துவிடக் கூடாது.