தெளிப்புப் பூச்சு போட்ட சாஃப்ட் முறியுமா?

கேள்வி: பம்பின் 50 மி.மீ. எஃகு சாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது. லேத்தில் கடைந்துவிட்டு, உலோகத் தெளிப்பு போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம் என்கிறார்கள். அப்புறம் ஓட்டத்தில் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பலம் குறையுமா?

பதில்: குறையலாம். ஆனால் பூச்சைவிட, அதற்கு முன் சாஃப்டை என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

தெளித்த பூச்சு சுமை தாங்காது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அளவு திரும்பும், பலம் திரும்பாது. ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. கடைந்தால் விட்டம் 48 ஆகிவிடும். அதே சுமைக்கு வளைவுத் தகைவு (வளையும்போது உலோகத்துக்குள் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் எழும் விசை) சுமார் 13% கூடும். தேய்மானம் போகிற அளவுக்கு மட்டும் கடையச் சொல்லுங்கள்.

கடைந்த பள்ளம் முடியும் மூலையைக் கட்டாயம் பாருங்கள். சாஃப்ட் சுற்றும்போது அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். மூலை செங்குத்தாக இருந்தால் தகைவு அங்கே குவிந்து, விரிசல் அங்கேதான் பிறக்கும். மூலையை நல்ல ரேடியஸ் கொடுத்து வளைவாக்கி, வழவழப்பாக முடிக்க வேண்டும். பூச்சு பிடிப்பதற்காக மரைபோல வரி வெட்டுகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. வளைவுச் சுமை வாங்கும் சாஃப்டில் அதற்குச் சம்மதிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வரியும் விரிசலுக்கு ஒரு வாசல். கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் கிரிட் பிளாஸ்டிங் போதும். அதுவும் அளவோடு: மேற்பரப்பில் அமுக்கத் தகைவை உண்டாக்குவது அதன் நன்மை, கூர்மையான குழிகளை விடுவதும், துகள்கள் உலோகத்தில் புதைந்துகொள்வதும் கெடுதல்.

தெளிக்கும் முறையும் முக்கியம். மின்பொறியில் கம்பியை உருக்கித் தெளிக்கும் ஆர்க் தெளிப்பில் உருகிய துளிகள் ஒட்டிய கையோடு குளிர்ந்து சுருங்குவதால் பூச்சுக்குள் இழுவிசை தங்கிவிடும். பூச்சில் விழுந்த விரிசல் அடி உலோகத்துக்கும் இறங்கலாம். ஹெச்.வி.ஓ.எஃப். (எரிபொருளை ஆக்சிஜனோடு எரித்து, அந்த வேகத்தில் தூளைத் தெளிக்கும்) முறையில் துகள்கள் அதிவேகமாக வந்து மோதுவதால் பெரும்பாலும் அமுக்கத் தகைவே மிஞ்சும். விமானத்தின் இறங்கு சக்கரக் கால்களில் ஹார்டு குரோம் பூச்சுக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடை இந்த முறையில் தெளிக்கிறார்கள். சோர்வு வலிமையை (திரும்பத் திரும்ப வரும் சுமையை முறியாமல் தாங்கும் திறனை) அது குரோம் அளவுக்குக் குறைப்பதில்லை. செலவு கூடினாலும் நான் இதையே சொல்வேன். கார்பைடு பூச்சு என்றால் டைமண்ட் வீலில், சூடேறாமல் கிரைண்டிங் செய்ய வேண்டும்.

உப்புநீரில் நனையும் எஃகுக்கு மட்டும் கதை வேறு. அங்கே துத்தநாகமோ அலுமினியமோ தெளித்தால் துருக்குழி விழாமல் காக்கும், சோர்வு ஆயுள் கூடவும் செய்யும்.

சரி, தெளிக்கும் முன் கடைந்த இடத்தை டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். பூச்சு ஏறிவிட்டால் அடியில் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மயிரிழை விரிசல் தெரிந்தால்கூடத் தெளிக்க வேண்டாம், புது சாஃப்ட் போட்டுவிடுங்கள்.