தூளை வைத்துக் காட்டை வரையலாமா?

கேள்வி: பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் இடத்தில் எத்தகைய தாவரங்கள் வளர்ந்தன என்பதை, பாறையில் சிக்கிய ஸ்போர்களைக் கொண்டு அறிவதாகப் படித்தேன். இலையும் மரமும் கிடைக்காத இடத்தில் வெறும் தூளை நம்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்பலாம்; ஆனால் எண்ணிக் கிடைத்த கணக்கையே காடு என்று கொள்ளக் கூடாது.

பெரணி இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும் பைகளிலிருந்து உதிரும் தூள்தான் ஸ்போர். அதன் மேலுறையில் உள்ள ஸ்போரோபொலெனின் என்னும் பொருள், காற்றுப் புகாத சேற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். பாறையைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் அது அசையாது. ஆகவே பாறைத் துண்டை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்து, மேலுறையில் உள்ள ஒற்றைக்கோட்டுத் தழும்பு, மூன்று கிளைத் தழும்பு, முள், வலைப்பின்னல் ஆகியவற்றைக் கொண்டு அது எந்தத் தாவரக் குழுவைச் சேர்ந்தது என்று பிரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ, கொலராடோ மாநிலங்களில் பரவியுள்ள ரட்டோன் படுகையை எடுத்துக்கொள்வோம். டைனோசர்கள் அழிந்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் களிமண் அடுக்கு அங்கே இருக்கிறது. விண்கல் மோதலின் தடயமான இரிடியம் அதில் மிகுந்துள்ளது. அதற்குக் கீழே பூக்கும் தாவரங்களின் மகரந்தம் ஏராளமாகக் கிடைக்க, அடுக்குக்குச் சற்று மேலேயோ பெரணி ஸ்போர்கள் 99 சதவீதம் வரை உயர்கின்றன. இன்னும் மேலே போனால் மகரந்தம் திரும்புகிறது. காடு அழிந்த வெற்று நிலத்தைப் பெரணிகள் முதலில் பிடித்துக்கொண்டன என்பதே இதன் பொருள். 1883இல் எரிமலை வெடித்த, இந்தோனேசியாவின் கிரகடோவா தீவில் மூன்றே ஆண்டுகளில் பெரணிகள் பெருகியிருந்ததை 1886இல் அங்கே சென்றவர்கள் நேரிலேயே கண்டார்கள் என்பதால், இந்த விளக்கம் வெறும் ஊகமன்று.

எனினும் ஒரு சிக்கல் உண்டு, இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சதவீதம் என்பது பங்கு மட்டுமே. மகரந்தம் குறைந்தாலே, பெரணி ஒன்றுகூடப் பெருகாமல், ஸ்போரின் சதவீதம் ஏறிவிடும். இதைச் சரிபார்க்க, லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின், எண்ணிக்கை தெரிந்த இக்கால ஸ்போர்கள் அடங்கிய மாத்திரையை மாதிரியில் சேர்ப்பார்கள். கண்ணாடித் தகட்டில் அவற்றில் எத்தனை தென்படுகின்றன என்று எண்ணினால், தகட்டுக்கு வந்தது மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடும். அதிலிருந்து பழைய ஸ்போர்கள் ஒரு கிராம் பாறையில் எத்தனை இருந்தன என்று கணக்கிடலாம்.