யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது?

சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்களின் கேள்விகளுக்கு எங்கள் தொழில் ஆலோசனைக் குழு பதில் தருகிறது. இம்முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகள்.

இ-பாஸ் முறையை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினோம், ஆட்சியரிடம் மனுவும் கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?
– காட்டேஜ் உரிமையாளர், ஊட்டி

மனு போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. மலைக்கு வரும் வாகனங்கள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இந்த இ-பாஸ், ஆட்சியர் தானாகப் போட்ட உத்தரவு அல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வாகன எண்ணிக்கைக்கும் நீதிமன்றம் வரம்பு விதித்தது: நாளொன்றுக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதைத் தளர்த்தும் அதிகாரம் ஆட்சியருக்கும் இல்லை, அமைச்சருக்கும் இல்லை. அரசே ஆனாலும் நீதிமன்றத்தில்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, வழக்கில் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி சங்கத்தின் பெயரில் இடையீட்டு மனு போடுவது. அதற்குச் சங்கம் பதிவு பெற்றிருக்க வேண்டும். யார் கையெழுத்திடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்க வேண்டும். இன்னொன்று, அரசு நீதிமன்றத்தில் வைக்கும் அறிக்கையில் உங்கள் கணக்கு இடம்பெறும்படி செய்வது. மலை எத்தனை வாகனம் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆய்வு சாலையையும் வாகனத்தையும் எண்ணிவிடும். எத்தனை அறைகள் காலியாகக் கிடந்தன, எத்தனை பேருக்கு வேலை குறைந்தது என்பதை நீங்கள் கொடுத்தால்தான் அது அறியும்.

அந்தக் கணக்கை எடுப்பது எப்படி? முப்பது விடுதிகளாவது சேருங்கள். மூன்று ஆண்டுக்கு, நாள்வாரியாக, நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டிலிருந்து எழுதுங்கள். ரத்தான முன்பதிவுகளைக் காரணத்தோடு தனியாகக் குறியுங்கள். ஏப்ரலை முந்தைய ஆண்டின் ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். சீசன் மாதத்தையும் மழை மாதத்தையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்கை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார். நஷ்டம் வந்த மாதங்களை மட்டும் பொறுக்கி எடுக்கவும் கூடாது. உங்கள் ஜிஎஸ்டி படிவங்கள் அரசின் கையில் இருக்கின்றன.

கோரிக்கையை "ரத்து செய்" என்பதோடு நிறுத்தாதீர்கள். நீதிமன்றத்தின் கவலை மலையின் சூழலும் நெரிசலும். அதற்குப் பதில் சொல்லும் யோசனைகளைக் கொண்டுபோங்கள்: அறை முன்பதிவு உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடு, சீசன் அல்லாத வார நாட்களில் வரம்புத் தளர்வு, மேட்டுப்பாளையத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி வர வசதி. மேலும் ஒன்று: கடையடைப்பு செய்தியாகும், ஆனால் நீதிமன்றக் கோப்பில் ஏறாது. அன்று கூலியை இழப்பவர் சுமைதூக்குபவரும் டீக்கடையில் வேலை செய்பவரும்தான். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட்டுக்கும் வர்க்கிக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகிவிட்டது. ஆனால் பொதிவதற்கு வாங்கும் ஃபாயில், பிளாஸ்டிக் பெட்டிக்கு 18 சதவீதம் கட்டுகிறோம். எம்எல்ஏவிடம் சொன்னால் தன் கையில் இல்லை என்கிறார்.
– ஹோம்மேட் சாக்லேட் தயாரிப்பாளர், குன்னூர்

அவர் சொல்வது உண்மை. ஜிஎஸ்டி விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி மன்றம். அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு தேவை. மன்றத்துக்கு முன்பாகவே பொருள்வாரியான வேலையை அதிகாரிகள் அடங்கிய ஃபிட்மென்ட் குழு செய்துவிடுகிறது. எனவே உங்கள் குறிப்பு மாநில நிதித் துறைக்கும் வணிகவரி ஆணையருக்கும் போக வேண்டும், ஒவ்வொரு பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணோடு. "பேக்கிங் சாமான்" என்று பொதுவாக எழுதினால் அது எந்தக் கோப்பிலும் சேராது.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். விற்பனை வரியைவிடக் கொள்முதல் வரி அதிகமாக இருந்து உள்ளீட்டு வரி தேங்கினால், அதைத் திரும்பப் பெறச் சட்டத்திலேயே வழி உண்டு: 54(3) பிரிவு, ஆர்எஃப்டி-01 படிவம், இரண்டு ஆண்டுக் கெடு. பொருள்களுக்குக் கட்டிய வரிதான் கிடைக்கும். வாடகை, லாரிக் கூலி போன்ற சேவைகளுக்கும் இயந்திரங்களுக்கும் கட்டியது கிடைக்காது. இணக்க வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஓராண்டு இப்படி விண்ணப்பித்தால் எவ்வளவு தேங்குகிறது என்ற எண்ணும் கையில் வந்துவிடும். ஃபிட்மென்ட் குழு கேட்பதும் அதைத்தான்.

எங்கள் சங்கம் ஆண்டுதோறும் 14 கோரிக்கைகள் கொண்ட மனு தருகிறது. "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரே பதில். மனுவை எப்படி எழுத வேண்டும்?
– வணிகர் சங்கச் செயலாளர், கோத்தகிரி

பதினான்கையும் பதினான்காகப் பிரியுங்கள். நகராட்சிக் கடை வாடகை ஒரு துறை, மின்கட்டணம் வேறு, காட்டு விலங்குச் சேதம் வேறு, மேட்டுப்பாளையம் சாலை வேறு. எல்லாம் ஒரே தாளில் இருந்தால் பெரும்பாலும் முதலில் எழுதிய கோரிக்கைக்குரிய துறைக்கு அந்தத் தாள் போய்விடும். மற்ற பதின்மூன்றுக்கும் அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். "மாண்புமிகு" வரிகள் பாதிப் பக்கத்தை விழுங்க விடாதீர்கள். இரண்டாவதில் எந்தச் சட்டம், எந்த விதி, எந்த அரசாணை தடையாக இருக்கிறது என்று எண்ணும் தேதியும். மூன்றாவதில் எத்தனை கடைகள், எத்தனை தொழிலாளர்கள், மாதம் எவ்வளவு ரூபாய். நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது: விதி எப்படி மாற வேண்டும் என்ற வாசகத்தை நீங்களே எழுதுங்கள், அதனால் அரசுக்கு ஆகும் செலவையும் சொல்லுங்கள். செலவு இல்லை என்றால் அதைத் தெளிவாகவே எழுதுங்கள். கோப்பை மேலே அனுப்பும் அலுவலருக்குக் குறிப்பு எழுத வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். கணக்குகளை இணைப்பாக வையுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்.

நேரம் இதைவிட முக்கியம். மாநில பட்ஜெட்டுக்கு முன் நிதித் துறை தொழில் அமைப்புகளின் கருத்தைக் கேட்கும். பட்ஜெட்டுக்குப் பின் கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான். துறைவாரியான செலவுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் உங்கள் எம்எல்ஏவிடம் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கும் குறிப்பைக் கொடுங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் முடிவு வரும்வரை புதிய சலுகை எதையும் அறிவிக்க முடியாது. அந்தக் காலத்தில் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களிடம் போங்கள், எல்லாக் கட்சிகளிடமும்.

எம்பி விஷயத்தில் மலைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் இருக்கின்றன. சமவெளியின் கோரிக்கைகளும் அதே மேசையில்தான் இருக்கும். ஆகவே கேள்வியைத் தயாராகக் கொடுங்கள், 150 சொற்களுக்குள். கேள்விக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளுக்குத்தான் இடம், எழுத்துப் பதிலுக்கு 230. எழுத்துப் பதிலையே கேட்கச் சொல்லுங்கள். அமைச்சகம் கொடுத்த எண்ணும் நிலைப்பாடும் அச்சில் வந்துவிட்டால் அடுத்த மனுவுக்கு அதுவே அடித்தளம்.

விதிகளின் வரைவுகளையும் கவனியுங்கள். பல சட்டங்களின் கீழ் விதி போடுமுன் அரசிதழில் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். வரைவு நிலையில் போகும் ஒரு பக்கத்துக்கு இருக்கும் பலம், விதியான பிறகு ஊர்வலத்துக்குக் கிடையாது. சங்கத்தில் ஒருவர் வாரம் ஒருமுறை அரசிதழைப் பார்ப்பதை வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.

உச்ச நேர மின்கட்டணம் எங்களை வதைக்கிறது. யாரிடம் முறையிடுவது?
– தேயிலைத் தொழிற்சாலை மேலாளர், குன்னூர் வட்டம்

கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி மின் நிறுவனம் தன் மனுவை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆணையம் பரிசீலிக்க வேண்டும். யாரும் எழுதலாம், விசாரணையில் பேசலாம். 2022 உத்தரவு 2022-23 முதல் 2026-27 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு. அதற்கடுத்த மனுவுக்கான கணக்கை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

உயர் அழுத்த இணைப்புக்குக் காலை 6.30 முதல் 10.30, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். இந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் கட்டணத்தின் அடிப்படை. உங்களால் மாற்ற முடியாது. பறித்த பச்சை இலை மாலையில் வந்து சேருகிறது. வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் அப்போதே ஓட ஆரம்பித்தாக வேண்டும். நிறுத்தினால் இலை சூடேறிச் சிவந்து தூளின் தரம் கெடும். மீட்டரிலிருந்து நேரவாரிப் பதிவை எடுத்து, இலை வரத்துப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். "கட்டணம் அதிகம்" என்று எல்லாரும் சொல்வார்கள். இதைத் தேயிலைக்காரர்தான் சொல்ல முடியும்.

ஒரு பெரிய நிறுவனத்துக்கு இரும்பு வேலை செய்துகொடுத்தேன். எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. சங்கம் தலையிடுமா?
– ஃபேப்ரிகேஷன் பட்டறை, கூடலூர்

முதலில் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. எழுத்தில் இல்லை என்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை, இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்கு இணையம் வழியே அனுப்பலாம். பணி ஆணை, பொருள் ஏற்றுக்கொண்டதற்கான கையெழுத்து, பில் மூன்றும் வேண்டும். தடுமாற்றம் பெரும்பாலும் நடுவில் உள்ளதில்தான் வரும். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு, பணி ஆணை வாங்குவதற்கு முன்பே இருப்பது பாதுகாப்பு. இந்த உரிமை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வணிகர்களுக்கும் கிடையாது. அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது சங்கங்கள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய கோரிக்கை. உங்களைப் போன்றோரின் பாக்கிகளைப் பெயரில்லாமல் தொகுத்துக் கொடுத்தால் அதற்கு வலு சேரும்.

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து சங்கம் தொடங்குகிறோம். பதிவு அவசியமா?
– கைவினைப் பொருள் கடைக்காரர், கொடைக்கானல்

அவசியம். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். துணைவிதியில் நோக்கம், சந்தா, தேர்தல், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால், நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் அதையே காட்டித் தடுப்பார்கள். உங்களுக்குச் சட்டமன்றத் தொகுதி பழனி, மக்களவைத் தொகுதி திண்டுக்கல். மனுவின் நகல்கள் அங்கே போகட்டும். உங்களில் தரைக்கடைக்காரர்கள் இருந்தால் நகர விற்பனைக் குழுவை விடாதீர்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அதில் குறைந்தது 40 சதவீத இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட சாலையோர வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு.

கட்சிக்கு நன்கொடை தரலாமா?
– பேக்கரி உரிமையாளர், ஊட்டி

உங்கள் சொந்தப் பெயரில், காசோலை அல்லது இணையப் பரிமாற்றத்தில், ரசீதோடு தரலாம். ரொக்கமாகத் தந்தால் வருமான வரிக் கழிவு கிடைக்காது. சங்க நிதியிலிருந்து தர வேண்டாம். இன்று ஒரு கட்சிக்குக் கொடுத்தால் நாளை ஆட்சி மாறும்போது உங்கள் மனுவோடு அந்த ரசீதும் சேர்த்துப் படிக்கப்படும்.