எந்த நிமிடத்தில் இருந்து வருகிறார்? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் சமையலையும் மாமியார் மருமகள் பிரச்சினையையும் ஓரம்கட்டிவிட்டு மார்வெல் வில்லன்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் பழைய வில்லன்கள் யார் யார் திரும்பி வருவார்கள்? எங்கள் ரியூஷன் வகுப்பில் இதற்குப் பந்தயமே போட்டிருக்கிறோம். நான் மக்னீட்டோ பக்கம்.
– ஓ.எல் மாணவன், உப்புவெளி

தம்பி, எக்ஸ்-மென் படங்களின் வில்லன் மக்னீட்டோ விஷயத்தில் நீங்கள் பயப்படத் தேவையில்லை. 2025 மார்ச்சில் நடிகர்களின் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக, மணிக்கணக்கில் காட்டினார்களே, அதில் மக்னீட்டோவாக நடித்த இயன் மெக்கெலனின் பெயர் இருந்தது. லோகியாக நடித்த டொம் ஹிடில்ஸ்டனின் பெயரும் இருந்தது. 2026 டிசம்பர் 18 என்று திகதியும் அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் 'யார் வருவார்' என்று பந்தயம் கட்டுவதைவிட, 'எந்த நிமிடத்தில் இருந்து வருவார்' என்று கட்டிப் பாருங்கள். பல உலகங்கள் ஒன்றோடொன்று கலக்கிற மல்டிவேர்ஸ் கதைகளில் உயிர் இருப்பது அங்கேதான்.

2021 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தையே எடுங்கள். பீட்டர் பார்க்கர்தான் ஸ்பைடர்மேன் என்பதை உலகம் மறக்க வேண்டும் என்று போட்ட மந்திரம் பிழைத்துப்போகிறது. அந்த உண்மை தெரிந்தவர்கள் மற்ற உலகங்களில் இருந்து இழுபட்டு வருகிறார்கள். மொத்தம் ஐந்து வில்லன்கள். கிரீன் கொப்ளின் 2002 ஸ்பைடர்மேன் படத்தில் தன்னுடைய பறக்கும் வண்டியே குத்திச் செத்தவர். டொக்டர் ஒக்டோபஸ் 2004 படத்தில் ஆற்றோடு போனவர். எலெக்ட்ரோவும் 2014 படத்தில் அழிந்தவர்தான். இவர்கள் சாவதற்குச் சற்று முன்னர் பிடுங்கப்பட்டு வருகிறார்கள். கை ஓங்கியபடி, கோபம் ஆறாமல், கணக்குத் தீராமல் வருகிறார்கள். அதனால் திரையில் நெருப்பாக நிற்கிறார்கள்.

மற்ற இருவரையும் பாருங்கள். 2007 படத்தின் முடிவில் சாண்ட்மேன் மன்னிப்புப் பெற்று மணலாகக் காற்றோடு போய்விட்டார். லிசார்ட் 2012 படத்திலேயே குணமாகிச் சிறைக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் மிச்சக் கணக்கு இல்லை. படத்தில் அவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. கடைசியில் அவர்கள் மனித உருவத்துக்குத் திரும்புகிற இடத்தில்கூடப் பழைய படங்களின் காட்சித் துண்டுகளையே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பிடிபடும்.

ஆகவே உங்கள் மக்னீட்டோ எந்த வயதில், எந்தக் கோபத்தோடு வருகிறார் என்பதற்குப் பந்தயம் வையுங்கள். கொத்து ரொட்டிக்கு மேல் வைக்க வேண்டாம்.

அந்தப் படத்தின் டிரெயிலரில் லிசார்டுக்கு யாரோ அடித்தார்களாமே, உண்மையா?
– வாசகி, சாம்பல்தீவு

உண்மை. 2021 நவம்பரில் வந்த டிரெயிலரின் பிரேசில் வடிவத்தில், லிசார்ட் அந்தரத்தில் பாய்ந்து வரும்போது முகம் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பும். அடித்தவரைக் காணோம். ஆளைக் கணினியில் அழித்தவர்கள் அடியை அழிக்க மறந்துவிட்டார்கள். அந்த அரை வினாடியை வைத்துத்தான் பழைய ஸ்பைடர்மேன்களும் வருகிறார்கள் என்று ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். முன்பு ஸ்பைடர்மேனாக நடித்த அன்ட்ரூ கார்பீல்ட் பேட்டிக்குப் பேட்டி இல்லை இல்லை என்றார். கடைசியில் ரசிகர்கள் சொன்னதே சரி. ஊகம் என்றால் வெட்டிப் பேச்சு என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். கண்ணை ஊன்றிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த கூலி அது.

செத்தவனையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தால் சாவுக்கு என்ன மதிப்பு? இது பார்ப்பவர்களை ஏமாற்றுகிற வேலை இல்லையா?
– ஓய்வுபெற்ற தாதி, உவர்மலை

அக்கா, இந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

2005 தை மாதம். சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும். நிலாவெளி வீட்டை விட்டு நாங்கள் எல்லோரும் டவுனில் சித்தி வீட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். அண்ணாவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனுடைய அம்மப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு சிடியைப் போட்டுவிட்டார்கள். அதுதான் 2004இல் வந்த இரண்டாவது ஸ்பைடர்மேன்.

அதன் முடிவு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டொக்டர் ஒக்டோபஸ் நல்ல விஞ்ஞானி. முதுகில் பொருத்திய நான்கு இயந்திரக் கைகளை அடக்கி வைத்திருந்த சிறு சில்லு ஒன்று கழுத்தின் பின்பக்கம் எரிந்துபோகிறது. அதன் பிறகு கைகள் சொல்வதை மனிதன் கேட்கிறான். கடைசியில் புத்தி தெளிந்து, ஊரையே அழிக்கப்போகும் தன் இயந்திரத்தைத் தானே ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு தாழ்ந்து போகிறார். கண் திறந்தபடி தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருப்பார்.

பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் பெடியன் திரையை விட்டு நகரவில்லை. "மாமி, இவர் மேல வருவாரா?" என்று கேட்டான். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன்.

2021 முடிகிற நேரம் டோஹாவில் இருந்து அழைத்தான். வேலை முடிந்து இரவுக் காட்சி பார்த்துவிட்டு நேரே எடுத்திருக்கிறான். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. "மாமி, அவர் வந்திட்டார்" என்றான். கழுத்தில் புதிய சில்லைப் பொருத்தினதும் அந்த மனிதரின் முகம் மெல்ல மெல்ல அமைதியாகிற இடத்தைச் சொல்லிக்கொண்டே அழுதான். அது படம் என்று அவனுக்குத் தெரியும் அக்கா. அம்மப்பா வரமாட்டார் என்பதும் தெரியும்.

நீங்கள் சொல்வது போல, காசுக்காக எழுப்பிக் கொண்டுவருகிற வில்லன்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மனிதரைச் சாவுக்கு முந்திய நிமிடத்தில் எடுத்து, அவருக்குக் கிடைக்காமல் போன ஒன்றைக் கொடுத்தார்கள். அதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐயன் மேன் என்கிற டோனி ஸ்டார்க்காக முன்பு நடித்த ரொபர்ட் டவுனி ஜூனியர், 'டூம்ஸ்டே' படத்தில் வில்லன் டொக்டர் டூம் ஆக வருவதால், டூம் என்பவர் இன்னொரு உலகத்து டோனி ஸ்டார்க்தான் என்று என் மாணவர்கள் சாதிக்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஆசிரியர், கிண்ணியா

சேர், 2024 ஜூலையில் சான் டியேகோ கொமிக்-கொன் விழா மேடையில் அவர் முகமூடியைக் கழற்றிய நாளில் இருந்து ஓடுகிற ஊகம் இது. அது நடக்கக்கூடாது என்பது என் ஆசை. டூம் 1962இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் படைத்த பாத்திரம். அவருக்குச் சொந்த ஊர் உண்டு, சொந்தத் துக்கம் உண்டு. காமிக்ஸ் கதைகளில் அவருடைய தாயின் ஆன்மா நரகத்தில் சிக்கியிருக்கிறது. அதை மீட்க வருடாவருடம் போராடுகிற மகன் அவர். ஐயன் மேனின் முகத்துக்காக அந்தத் தாயைக் கதையில் இருந்து தூக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்புச் சட்டைதான்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கன்னியாவுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் நிலத்தில் வாளை ஊன்றிய இடங்களே அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று. வேறு ஊர்க் கதையில் சீதையைத் தூக்கிய வில்லன், இங்கே தாயை இழந்த மகன். தேவாரத்திலும் பாருங்கள். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு வந்தால் இராவணன் வந்துவிடுவான். நம் திருகோணமலையைப் பாடிய கோணமாமலைப் பதிகத்திலும் அப்படித்தான். மலையை எடுப்பான், விரலால் நசுங்குவான், பாடி வரம் பெறுவான். அடுத்த ஊர்ப் பதிகத்தில் திரும்பவும் மலையை எடுப்பான். திரும்பி வருகிற வில்லனைச் சலிக்காமல் பாடிவந்த மரபு நம்முடையது. டூமின் தாயை விட்டுவிடாதீர்கள் என்று உங்கள் மாணவர்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

என் மகன் பேசுவது எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எங்கே இருந்து தொடங்கிப் பார்ப்பது?
– ஒரு தாய், சீனக்குடா

2002, 2004, அப்புறம் நேரே 2021. மூன்றே படம். முடிந்தால் 2014ஐயும் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள், எலெக்ட்ரோ ஏன் அவ்வளவு ஏங்குகிறார் என்பது விளங்கும். மகனைப் பக்கத்தில் இருத்தி, நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். அவன் சந்தோஷமாகச் சொல்லித் தருவான். 2004 படத்தின் ஆற்றுக் காட்சி வரும்போது மட்டும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பாருங்கள்.