கையக் கட்டினா கோவமா? உடல்மொழி பத்தி கேள்வி பதில்

கேள்வி: மீட்டிங்ல நான் பேச ஆரம்பிச்சாலே மேனேஜர் கையக் கட்டிக்கிட்டு பின்னாடி சாஞ்சுடுறார். என் மேல கடுப்புன்னு எடுத்துக்கலாமா சார்?

பதில்: அவசரப்படாதீங்க. ஏசி குளிரா இருக்கலாம், சேர்ல கைப்பிடி இல்லாம இருக்கலாம், சில பேருக்கு அப்படி உக்காந்தாதான் காதே கேக்கும். மத்தவங்க பேசறப்ப அவர் எப்படி உக்கார்றார்னு மொதல்ல பாருங்க, எல்லார்கிட்டயும் அப்படித்தான்னா அது அவர் பழக்கம், உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மத்த நேரம் ஃப்ரீயா இருக்கறவர் நீங்க பட்ஜெட்னு வாயத் தெறந்ததும் மட்டும் மாறினா, கூடவே முகமும் இறுகி பதிலும் ஒத்த வார்த்தையா வந்தா, அங்க ஏதோ இருக்கு. என்னன்னு கேட்டாதான் தெரியும். "இதுல ஏதாவது மாத்தணுமா சார்"னு கேட்டுடுங்க.

கேள்வி: கண்ணப் பாத்து பேசலன்னா பொய்தானே?

பதில்: இல்லவே இல்ல. கஷ்டமான கேள்விக்கு யோசிக்கறப்ப எல்லாருமே பார்வையத் திருப்புவோம். கூச்சம், மரியாதை, ஆட்டிசம்னு வேற காரணங்களும் இருக்கு. நம்ப வைக்கணும்னே கண்ண எடுக்காம பேசற புளுகனும் உண்டு. 2006ல பாண்ட், டிபாலோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளச் சேத்து வெச்சுப் பாத்தாங்க, பொய்யா நெஜமான்னு நாம சரியா சொல்றது சராசரியா 54 சதவீதம்தானாம். காசு சுண்டினாலே 50 வருமே!

கேள்வி: வலது பக்கம் மேல பாத்தா பொய்யாம், ரீல்ஸ்ல பாத்தேன்.

பதில்: கதை. 2012லயே சோதிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் தேறல.

கேள்வி: 93 சதவீதம் விஷயம் வார்த்தைக்கு வெளியதான் இருக்குன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்களே?

பதில்: இந்த நம்பருக்கு சாவே கிடையாது போல. 1967ல மெஹ்ராபியன்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் மத்தவங்களோட சேந்து பண்ண ரெண்டு ஆய்வுல இருந்து வந்தது, முகம் 55, குரல் 38, வார்த்தை 7. ஆனா அவர் பாத்தது ஒத்த ஒத்த வார்த்தைங்கள வெச்சு, பேசறவருக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையாங்கறத மட்டும்தான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லிட்டார். பொருந்தும்னா தெரியாத பாஷைல யார் பேசினாலும் நமக்கு 93 புரிஞ்சிருக்கணும்ல?

கேள்வி: வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தா உம்முன்னு இருக்கார், நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல.

பதில்: உம்முன்னு இருக்கறது உங்களுக்குத் தெரியுது சரி, நீங்கதான் காரணம்னு எங்கம்மா தெரிஞ்சுது? தலைவலி, பசி, டிராஃபிக், எதுவா வேணா இருக்கலாம். "ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா இல்லாத சண்டையும் வந்துடும். கொஞ்ச நேரம் விட்டு, "ரொம்ப டயர்டா தெரியறீங்க, என்னாச்சு"ன்னு கேளுங்க. ஒண்ணுமில்லன்னா அன்னிக்கு அதோட விட்டுடுங்க.