மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி

கேள்வி: மாமனார் வைத்திருந்த ‘12 போர்’ (bore) என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி, வாரிசு என்ற முறையில் உரிமத்தோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. கணவர் கப்பலில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் ஏழு வயது மகனும்தான். குழலின் நீளத்தைக் குறைத்து டார்ச் பொருத்தினால் தற்காப்புக்கு உதவும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?
– ஒரு வாசகி, நீலாங்கரை

பதில்: குழலில் கை வைக்காதீர்கள், சகோதரி. தனி உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குறைப்பது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6இன்படி குற்றம். டார்ச்சையும் மறந்துவிடுங்கள். விளக்கைத் திருப்பும் இடமெல்லாம் குழலும் திரும்பும். தூக்கம் கலைந்து எழுந்து வரும் பிள்ளையின் மீதும் திரும்பும். கூடத்து விளக்கின் சுவிட்சைப் படுக்கை அருகே மாற்றி வையுங்கள்.

முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழல்களுக்குள் பாருங்கள். முப்பது ஆண்டுகள் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். பரணில் கிடந்த ஒரு துப்பாக்கியின் வலது குழலில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. கல் போல இறுகிய அந்த மண்ணைக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்.

அடுத்தது தோட்டா. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இப்போது கடையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் கிடைக்கிறது. அது உள்ளே நுழைகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த 70 என்பது சுட்டபின் விரிந்த உறையின் நீளம். மடிந்திருந்த வாய் விரிய இடமில்லாமல் முன்னால் முட்டும்போது அழுத்தம் கண்டபடி ஏறும். குழலின் அடிப்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண் தேய்ந்திருந்தால் பழுது பார்ப்பவர் அளந்து சொல்வார். எல்ஜி (LG) வகைத் தோட்டாவில் இருப்பது போன்ற பெரிய குண்டுகள் மரக்கதவைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். மகன் எந்தப் பக்கம் படுக்கிறான் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகள் பரவலாக விரியும், குறி பார்க்க வேண்டியதில்லை என்பதும் தவறு. ஓர் அறையின் தூரத்தில் அவை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட விரியாது.

நீங்கள் மாற்ற வேண்டியது தோளில் பதிக்கும் பின்பக்கக் கட்டையைத்தான். அது மாமனாரின் கைக்கு அளவானது. அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் நுனி விசைக்கு எட்டவில்லை என்றால் உங்களுக்கு நீளம் அதிகம். அனுபவமுள்ளவரிடம் கொடுத்துக் கட்டையைக் குறைத்து, ரப்பர் அடிப்பட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சுடுதளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் உங்கள் தோளில் வைத்து நீங்களே சுட்டுப் பாருங்கள்.

கேள்வி: அலமாரியில் உறை போட்டு வைக்கலாமா? ஊருக்குப் போகும்போது என்ன செய்வது?
– அதே வாசகி

பதில்: உறை வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தைத் தோலும் கான்வாசும் பிடித்துவைத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் தடவி, தோட்டா இல்லாமல் இரும்பு அலமாரியில் பூட்டுங்கள். தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கட்டும். இரண்டு சாவிகளும் மகன் அறியாத இடத்தில் இருக்கட்டும். இரவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், மகனோடு ஓர் அறையில் தாழிட்டுக்கொண்டு முதலில் 100க்குப் பேசுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.